விலக்குக்கு விலக்கு

ஓடைக்குத் தென்கரையில் ஒரு பெரிய மூங்கில் புதர் இருந்தது. அதில் சருகுமான்கள் குடியிருந்தன. சருகுமான் என்றால் கொம்பும் கிம்பும் வைத்த பெரிய மான் இல்லை. முயலைவிட ஒரு பிடி பெரிசு, அவ்வளவுதான். நாலு காலும் விளக்குமாற்றுக் குச்சி மாதிரி இருக்கும். பயம் வந்தால் பின்னங்காலால் தரையைத் தட்டும். அப்புறம் சருகோடு சருகாக ஒடுங்கி நின்றுவிடும்.

அந்தப் புதரில் சருகி என்று ஒருத்தி. அந்த மழைக்குத்தான் ஒரு குட்டி ஈன்றிருந்தாள். குட்டி இன்னும் பால் மறக்கவில்லை.

வடகரையில் காட்டெருமைகள், கரடி, மயில், ஆமை எல்லாரும் இருந்தார்கள். அதற்கும் அப்பால் பாறைக் குகைகளில் செந்நாய்க் கூட்டம் ஒன்று. ஓடை என்றதும் முழங்கால் தண்ணீர் என்று நினைத்துவிட வேண்டாம். இரண்டு பாறைக்கு நடுவே கிடுகிடு பள்ளம். விழுந்தால் எலும்பு தேறாது. என்றைக்கோ அடித்த புயலில் ஒரு மருத மரம் குறுக்கே விழுந்து கிடந்தது. இக்கரைக்கும் அக்கரைக்கும் அது ஒன்றுதான் வழி.

முன்பு ஒரு கோடையில், குட்டைத் தண்ணீருக்காகக் காடே அடித்துக்கொண்டது. யார் யாரைக் கடித்தார்கள், எதற்குக் கடித்தார்கள் என்று கடித்தவர்களுக்கே மறந்துபோகும் அளவுக்குச் சண்டை. பாதிக் காடு செத்தது. மிச்சமிருந்தவர்கள் இலுப்பை மரத்தடியில் கூடி அழுதபோது, மலைக்கு அந்தப் பக்கமிருந்து வந்த ஒற்றை யானை ஒன்று யோசனை சொன்னது.

"ஒரு சபை வைங்க. ஒருத்தரை அடிச்சா எல்லாரையும் அடிச்ச மாதிரின்னு வெச்சுக்குங்க. அப்புறம் எவன் அடிப்பான்?"

எல்லாருக்கும் புல்லரித்துவிட்டது. அங்கேயே அமைதிச் சபை பிறந்தது. காட்டெருமை கொம்பையா தலைவர். தகவல் சொல்ல மயில். செந்நாய்த் தலைவன் செவலைகூட வாலைச் சுருட்டிக்கொண்டு வந்து உறுப்பினர் ஆனான். சருகியும் தன் குச்சிக் காலைத் தூக்கிச் சத்தியம் செய்தாள்.

யானை மட்டும் சேரவில்லை.

"ஏன் சாமி, யோசனையே உங்களுதுதானே?" என்று மயில் கேட்டது.

"எனக்கு ஆசைதான். எங்க பெரியம்மா ஒத்துக்க மாட்டேங்கறாங்க. அடுத்தவங்க சண்டையில தும்பிக்கையை நீட்டாதேன்னுட்டாங்க" என்று சொல்லிவிட்டு யானை மலையேறிப் போய்விட்டது.

கல்யாணத்தை நிச்சயம் பண்ணிவிட்டு மாப்பிள்ளை போய்விட்ட மாதிரிதான். ஆனாலும் பந்தல் போட்டாயிற்று. சபை நடந்தது. இரண்டு அணில்களுக்குள் புளியங்காய்த் தகராறு, கீரிக்கும் எலிக்கும் வளைத் தகராறு, எல்லாம் சபையில் தீர்ந்தது. சருகிக்கு அந்தச் சபை மேல் அவ்வளவு நம்பிக்கை. "நமக்கு என்னடா செல்லம் பயம்? கொம்பையா மாமா இருக்காரு" என்று சொல்லித்தான் குட்டியை நக்கித் தூங்க வைப்பாள்.

ஒரு நாள் விடிந்து வெயில் ஏறும் நேரம். மருத மரத்தின் மேல் திபுதிபுவென்று கால்கள். செந்நாய் குரைக்காது, சீழ்க்கை அடிக்கும். அந்தச் சீழ்க்கை தென்கரையில் கேட்டது. புதரின் கிழக்கு ஓரத்தில் இருந்த சருகுமான் குடும்பம் ஒன்று இருந்த இடம் தெரியாமல் போயிற்று. செவலையின் ஆட்கள் அந்த ஓரத்திலேயே படுத்துக்கொண்டார்கள்.

சருகி குட்டியை மூங்கில் தூருக்குள் ஒளித்துவிட்டு, மரத்தின் மேல் விழுந்தடித்து ஓடி வந்தாள். இலுப்பை மரத்தடியில் நின்று நடந்ததைச் சொல்லி முடிக்கும் வரை பின்னங்காலால் தரையைத் தட்டிக்கொண்டே இருந்தாள்.

கொம்பையா உடனே சபையைக் கூட்டினார். அதில் குறை சொல்ல முடியாது. எல்லாரும் வந்தார்கள். செவலையும் வந்து, தன் இடத்தில் கால் மேல் கால் போட்டு உட்கார்ந்தான். வாயோரத்தில் இன்னும் ஈரம் காயவில்லை.

"என்னப்பா செவலை, இப்படிப் பண்ணிட்டியே?" என்றார் கொம்பையா.

"தென்கரையில ஒழுங்கே இல்லை, பெரியவரே. சருகு அப்படியே குவிஞ்சு கிடக்கு. ஒழுங்குபடுத்தப் போனோம்."

"அடப் பாவி, ஒரு குடும்பத்தையே தின்னுட்டு ஒழுங்கு பேசறியா?" என்றாள் சருகி.

"இவ எப்பவுமே கொஞ்சம் படபடப்பு" என்று செவலை கரடியிடம் சொன்னான். கரடி எங்கோ பார்த்தது.

மயில் தொண்டையைச் செருமியது. "செந்நாய்கள் செய்தது தப்பு. எல்லாருக்கும் சம்மதமா?"

"சம்மதம்" என்றார் கொம்பையா. "சம்மதம்" என்றது கரடி. ஆமை கழுத்தை நீட்டி, "சம்மதம்" என்றது. சருகி சொன்னது மரத்தின் உச்சி வரைக்கும் கேட்டது.

"எனக்குச் சம்மதம் இல்லை" என்றான் செவலை.

"அப்போ தீர்மானம் செல்லாது" என்றது மயில். "சபையில எல்லாரும் ஒத்துக்கிட்டாத்தான் தீர்மானம்."

சருகிக்குத் தூக்கிவாரிப் போட்டது. "என்ன மயிலு சொல்றே? அடிச்சவனையுமா கேக்கறது? திருடனை உக்கார வெச்சு, திருடினது தப்பு, உனக்குச் சம்மதமான்னு எந்த ஊர்லயாவது கேப்பாங்களா?"

"சட்டம் அப்படித்தான் தாயி. நீயும் காலைத் தூக்கின" என்றார் கொம்பையா. அவருக்கும் சங்கடமாகத்தான் இருந்தது. "அவசரப்படாதே. யாரு முதல்ல எல்லை தாண்டினதுன்னு ஆமையார் நேர்ல போய்ப் பார்த்துட்டு வரட்டும்."

ஆமையார் கிளம்பினார். நல்லவர், நேர்மையானவர், வழியில் யார் வீட்டிலும் ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்காதவர். ஆனால் ஆமை. அவர் மருத மரத்தை எட்டுவதற்குள் செவலை புதரின் கால்வாசியைப் பிடித்துவிட்டான். அவர் விசாரித்துத் திரும்புவதற்குள் அரைவாசியைப் பிடித்துவிட்டான். மழைக்காலமே முடிந்துவிட்டது. அதுவரை சருகி குட்டியை மூங்கிலுக்கு மூங்கில் மாற்றி ஒளித்துக்கொண்டிருந்தாள்.

"பார்த்தேன்" என்றார் ஆமையார். "செந்நாய்கள் போனது தப்புதான். போன இடத்திலிருந்து திரும்பி வர வேண்டியது. அதே சமயம், சருகுமான்களும் ஓடும்போது ரொம்பச் சத்தம் போடுதுங்க. ரெண்டு பக்கமும் பொறுமையா இருக்கணும்."

இந்த அளவுக்குக்கூடச் செவலைக்குப் பொறுக்கவில்லை. எழுந்தான், உடம்பை உதறினான். "உங்க சபையும் வேண்டாம், உங்க மரத்தடியும் வேண்டாம்" என்று சொல்லிவிட்டு விறுவிறுவென்று நடந்து போனான்.

அவன் போனதும் சருகிக்கு உயிர் வந்தது. வேண்டாம் என்று சொல்ல இனி ஆள் இல்லையே!

"மாமா, இப்ப கேளுங்க, சம்மதமான்னு."

மயில் கேட்டது. எல்லாரும் சம்மதம் என்றார்கள். காட்டில் முதல் தடவையாக ஒரு கூட்டத்துக்கு விலக்கு விழுந்தது. ஊரில் ஒருத்தனைத் தள்ளி வைத்தால் எப்படி நெருப்பு, தண்ணீர் தர மாட்டார்களோ, பேச்சு வார்த்தை வைத்துக்கொள்ள மாட்டார்களோ, அதே மாதிரி. மயில் பாறை மேல் ஏறித் தோகையை விரித்து, நாலு திசையும் கேட்க அகவியது.

"செந்நாய்களுக்கு விலக்கு! செந்நாய்களுக்கு விலக்கு!"

குகைப் பக்கமிருந்து செவலையின் குரல் வந்தது. "எதுலேருந்து விலக்கு குடுத்திருக்கீங்க? ரொம்ப நன்றி மயிலு!"

செந்நாய்கள் சிரித்தன. மயிலுக்கு முகம் சுண்டிப்போனது. தள்ளி வைப்பதற்கும் விலக்கு, ஒரு சட்டத்தில் சிக்காமல் தப்ப விடுவதற்கும் விலக்கு. ஒரே சொல்தானே, என்ன செய்வது? அப்போது சருகியும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. விளையாட்டுப் பேச்சு என்று விட்டுவிட்டாள்.

மறுநாள், யார் யார் என்னென்ன நிறுத்துவது என்று பேச உட்கார்ந்தார்கள்.

"நான் செந்நாய்களுக்கு ஒரு சொட்டுத் தேன் தர மாட்டேன்" என்று கரடி மார்தட்டியது.

"அவங்க இருக்கற பக்கம் நான் ஆட மாட்டேன்" என்றது மயில்.

"எங்க ஆளுங்க அவனைப் பார்த்தா தலையசைக்க மாட்டாங்க" என்றார் கொம்பையா.

சருகி ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். செந்நாய் என்றைக்குத் தேன் குடித்தது? என்றைக்கு மயிலாட்டம் பார்த்தது? ஆனாலும் பொறுமையாகவே சொன்னாள்.

"எல்லாம் சரிங்க மாமா. இது ஒண்ணும் வேண்டாம். அந்த மருத மரத்தை மட்டும் தள்ளி விட்டுடுங்க. உங்க ஆளுங்க நாலு பேர் முட்டினாப் போதும், பள்ளத்துல விழுந்துடும். நான் அக்கரைக்குப் போயிடறேன். அங்க இப்ப இருக்கற செந்நாய்ங்க கொஞ்சப் பேருதான். மத்தவங்க வர முடியலைன்னா, அவங்களை நாங்களே மூங்கில் முள்ளுக்குள்ள இழுத்துவிட்டுப் பார்த்துக்குவோம்."

கரடி மயிலைப் பார்த்தது, மயில் ஆமையைப் பார்த்தது.

முதலில் கரடி வாய் திறந்தது. "அக்கரைப் பாறையில எனக்கு நாலு தேன்கூடு இருக்கு, தங்கச்சி. மரம் போயிட்டா நான் எப்படிப் போறது? மரத்துக்கு மட்டும் ஒரு விலக்கு வேணும்."

"எதுலேருந்து விலக்கு?" என்றாள் சருகி.

"விலக்குலேருந்து."

"அப்படின்னா எனக்கும் ஒண்ணு" என்றது மயில் அவசரமாக. "அவங்க குகைக்கு மேலதான் என் உறக்கமரம். காலையில இறங்கறப்போ ஒரு வணக்கம் வைக்காமப் போனா நல்லாயிருக்காது. வணக்கத்துக்கு விலக்கு."

ஆமையாருக்குக் குகையடிச் சுனையில் குளிக்க வேண்டுமாம். அதற்கு ஒரு விலக்கு. கரடிக்குத் திரும்பவும் ஒன்று. தீபாவளிக்கு முந்தின நாள் ஜவுளிக்கடையில் தள்ளுபடி கேட்கிற மாதிரி, ஆளாளுக்குக் கையை நீட்டினார்கள். விலக்கு போட்ட சபை, பொழுது சாய்வதற்குள் விலக்குக்கு விலக்கு கொடுத்துக் கொடுத்து ஓய்ந்தது. கடைசியில் மிஞ்சியது தேனும் ஆட்டமும்தான்.

சருகி கொம்பையாவிடம் போய் நின்றாள். "அவங்களுக்குத்தான் தேன்கூடு, சுனை. உங்களுக்கு அந்த மரத்துல என்ன மாமா இருக்கு? உங்க எடைக்கு நீங்க அதுல நடக்கக்கூட முடியாதே."

கொம்பையா குரலைத் தாழ்த்தினார். "தாயி, நல்லா யோசிச்சுப் பாரு. மரத்தைத் தள்ளினா செவலைக்குக் கோபம் வரும். கோபம் வந்தா சண்டை வரும். சண்டை வரக் கூடாதுன்னுதானே சபையே வெச்சிருக்கோம்?"

"இப்ப நடக்கறது என்ன மாமா?"

"அது... அக்கரையில நடக்குது." அவர் ஒரு புல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார், பெற்ற மகளுக்குப் புத்தி சொல்கிற அதே கனிவோடு. "நீ ஒண்ணு பண்ணேன். பாதிப் புதர் எப்படியும் போயிடுச்சு. அதை அவனுக்கே விட்டுக் குடுத்துடு. அவன் அந்தப் பக்கம் வயிறு ரொம்பிக் கிடந்தான்னா, இந்தப் பக்கம் எங்க கன்னுகுட்டிங்க பக்கம் வர மாட்டான். எல்லாருக்கும் நல்லது."

திட்டியிருந்தால் சருகி தாங்கியிருப்பாள். இதை இவ்வளவு அன்பாகச் சொல்ல ஒரு வாய் இருக்கும் என்று அவள் நினைத்ததே இல்லை. எத்தனை நாள் இந்த மாமா பேரைச் சொல்லிக் குட்டியைத் தூங்க வைத்திருக்கிறாள்!

"எல்லாருக்கும்னா, அதுல நாங்க இல்லையா மாமா?" என்றாள். அவர் இன்னொரு புல்லைக் கடித்தார். சருகி அக்கரைக்கு, குட்டியிடம் திரும்பிப் போனாள்.

அந்த வாரமே செவலை மொத்தக் கூட்டத்தோடும் மரத்தைத் தாண்டினான். தடுக்க ஒரு நாதி இல்லை. போகிற போக்கில் கரடிக்குக்கூட வழிவிட்டுத்தான் போனான். மூங்கில் புதருக்குள் சீழ்க்கை இந்த முனையில் கேட்டது, அந்த முனையில் கேட்டது, அப்புறம் நடுவில் கேட்டது. தப்பியவர்கள் யார், தப்பாதவர்கள் யார் என்று பார்த்துச் சொல்ல ஆள் இல்லை. சருகி தன் குட்டியை முகத்தால் தள்ளித் தள்ளி, செந்நாய்கள் எல்லாம் புதரின் அடி ஆழத்தில் இருந்த நேரமாகப் பார்த்து, மரத்தின் மேல் வடகரைக்கு ஓடி வந்தாள். அக்கரையிலிருந்து வந்தது அவர்கள் இரண்டு பேர்தான்.

இலுப்பை மரத்தடியில் சபை கூடியிருந்தது. அதைப் பார்த்ததும் சருகிக்கு அழுகை வந்துவிட்டது. என்ன இருந்தாலும் நம் ஆட்கள். சேதி கேட்டுக் கூடிவிட்டார்களே என்று நினைத்தாள்.

மயில் தீர்மானம் படித்துக்கொண்டிருந்தது. "தென்கரை விஷயம் முடிஞ்சுபோனதால, செந்நாய்களுக்குப் போட்ட விலக்கு இன்னையோட எடுக்கப்படுது. எல்லாருக்கும் சம்மதமா?"

"சம்மதம்" என்றது கரடி.

"என்னது?" என்றாள் சருகி.

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். குட்டி அவள் காலுக்கடியில் ஒட்டிக்கொண்டு நின்றது.

"வா தாயி, வா" என்றார் கொம்பையா. "உயிரோட வந்தியே, அது போதும். நடந்தது நடந்துபோச்சு. இனியும் விலக்கை வெச்சுட்டிருந்து யாருக்கு என்ன பிரயோசனம்? அவனும் அக்கம்பக்கத்துக்காரன் ஆச்சே."

"பால் பொங்கிக் கீழே ஊத்தினப்புறம், அடுப்பைத் திட்டி என்ன ஆகப்போகுது?" என்றது கரடி.

சருகி குனிந்து குட்டியை ஒரு தடவை நக்கிவிட்டாள். பிறகு பேசினாள். குரலில் அழுகை இல்லை.

"மாமா, மூங்கில் புதர்ல இனித் தின்ன ஒண்ணும் மிச்சம் இல்லை. அவங்க பசி மட்டுந்தான் மிச்சம் இருக்கு. அதை எடுத்துட்டு அவங்க எங்க போவாங்கன்னு நினைக்கறீங்க?"

"தென்கரையே போனப்புறம் உன் சம்மதம் கணக்குல வராது. எதிர்காலத்தைப் பத்தி அப்புறம் ஒரு கூட்டம் போடலாம்" என்றது மயில். எல்லாரும் எழுந்து போய்விட்டார்கள்.

சருகிக்கு மரத்தடிப் பொந்து ஒன்றைத் தங்கக் கொடுத்தார்கள். அவள் தினமும் குட்டியை அதில் விட்டுவிட்டு, ஓடைக்கரைக்குப் போய் அக்கரைப் புதரைப் பார்த்துவிட்டு வருவாள். பார்த்தால் வயிறு எரியும். பார்க்காமல் இருக்கவும் முடியாது.

ஒரு காலை அப்படிப் போனவள், மருத மரத்தின் இந்த முனையில் அப்படியே நின்றுவிட்டாள். ஈர மண்ணில் செந்நாய்க் கால்தடங்கள். ஒன்றல்ல, பத்தல்ல, கூட்டம் முழுவதும். எல்லாத் தடமும் இந்தக் கரையைப் பார்த்தே இருந்தன. திரும்பிப் போன தடம் ஒன்றுகூட இல்லை.

அவள் ஓடினாள். ஆனால் அவளுக்கு முன்னால் சேதி போய்விட்டது. காட்டெருமை மந்தையின் பின்பக்கம் சீழ்க்கை கேட்டது. ஒரு கன்று "அம்மா" என்று ஒரே ஒரு தடவை கத்தியது.

கொம்பையா எதிரே வந்தார், கண் சிவக்க, நாலு காளைகளோடு. ஓடைக்குத்தான் போய்க்கொண்டிருந்தார்கள்.

"மரத்தைத் தள்ளுங்கடா! அக்கரையில இருக்கறவன் ஒருத்தனும் இந்தப் பக்கம் வரக் கூடாது!"

"மாமா, வேண்டாம், நில்லுங்க" என்று சருகி குறுக்கே பாய்ந்தாள். "அக்கரையில ஒருத்தரும் இல்லை. எல்லாரும் இங்க வந்தாச்சு. அந்த மரம் ஒண்ணுதான் இப்ப நாம தப்பிக்கற வழி. குட்டிங்களையாவது அந்தப் பக்கம் அனுப்பிடலாம்."

யார் காதில் விழும்? இத்தனை நாள் முட்டாத கொம்புகள் ஆத்திரத்தோடு முட்டின. மருத மரம் ஒரு முறை முனகியது. பிறகு பள்ளத்தில் உருண்டு விழுந்தது. அதன் சத்தம் அடங்கவே நேரம் பிடித்தது. சருகி சொன்னது சரிதான்: நாலே முட்டு.

அக்கரையில் மூங்கில் புதர் காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. அங்கே ஒரு செந்நாய்கூட இல்லை. போவதற்கு வழியும் இல்லை.

கொம்பையா திரும்பினார். பாறைகளின் மேல் வரிசையாகச் செந்நாய்கள் உட்கார்ந்திருந்தன. நடுவில் செவலை.

"வணக்கம் பெரியவரே" என்றான் செவலை. "அவசரம் இல்லை. சபையைக் கூட்டுங்க. ஆமையாரை வேணும்னா அனுப்பி வைங்க. நாங்க எங்கயும் போகப் போறதில்லை."

கொம்பையா சருகியைப் பார்த்தார். சருகி அவரைப் பார்க்கவில்லை. பொந்தில் இருக்கும் தன் குட்டியை நோக்கி, சருகுக்குள் சத்தமில்லாமல் ஊர்ந்துகொண்டிருந்தாள்.

அநியாயக்காரனை ஊரே கூடிக் கண்டித்தாலும், அவன் நடந்து வருகிற வழியை அடைக்கத் துணிவு இல்லையென்றால், அந்த வழி ஒரு நாள் நம் வீட்டு வாசலில்தான் வந்து முடியும்.